வத்தல் இல்லாத பந்தியில் ஒரு வத்தல்

கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதுதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பிறகு ஒரு பாத்திரக் கடையில் நின்றேன், அப்புறம் ஒரு ஜவுளிக் கடையில் நின்றேன். இரண்டிலும் வருகிறவர்களை முகம் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது வராது. யாராவது என்னை நேராகப் பார்த்தால் காது சூடாகிவிடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

பந்தியில் அந்தத் தொல்லை இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் கண்ணுக்கு முன்னால் இலைதான். இலைக்குப் பின்னால் ஆள் இருப்பார். ஆனால் அவரும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சோற்றில் குழி பறித்துக் காத்திருக்கும் விரல்களை வைத்தே எத்தனை கரண்டி என்று தெரிந்துவிடும். போதும் என்று கையைக் காட்டினால் அடுத்த இலைக்கு நகரலாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரு காரியம் நல்லபடியாக முடிந்துவிடும்.

போன வருடம் ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றில், பழங்காநத்தத்து மண்டபத்தில், வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கு முன்னால் இரண்டு இலை இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் கை கழுவப் போய்விட்டார் போல என்று நினைத்தேன். இரண்டிலும் சோறு. இரண்டிலும் குழி. இரண்டு குழிக்கும் பக்கத்தில் ஒரு கை, இரண்டு கையிலும் அதே பவள மோதிரம். வலது பக்கத்து இலையில் ஊற்றினேன். ரசம் சோற்றில் இறங்கும்போது ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. பேப்பர் விரித்த மேஜையில் விழுந்து ஓடி, பெரியவரின் பட்டு வேட்டிக்குள் போய்விட்டது.

அவர் நல்ல மனிதர். "ஏம்ப்பா, இலை இங்கிட்டு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இடது பக்கத்து இலைதான் மெய், வலது பக்கத்து இலை பொய் என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து பிரயோஜனம் இல்லை. பந்தியில் இலைக்குப் பக்கத்தில் இலை. ஒருவருடைய பொய் இலை பக்கத்து ஆளின் மெய் இலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றுதான் தெரிந்தது, ஆனால் கரண்டிக்கும் இலைக்கும் எவ்வளவு தூரம் என்பது பிடிபடவில்லை. அந்த வரிசை முடிவதற்குள் இன்னும் இரண்டு வேட்டியும் ஒரு சுடிதாரும் நனைந்தன. இலை இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னதும் கூட வேலை பார்ப்பவர்கள் என்னை அரசியலுக்கு இழுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். வலது கண்ணின் கருவிழி மூக்குப் பக்கமாக ஒதுங்கி நின்றது. என்னைப் போலவே யாரையும் பார்க்க விருப்பமில்லாமல் சுவரோரம் போய் நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, சின்ன வயதில் அவள் பார்த்த ஒரு மாறுகண்காரருக்கு யோகம் அடித்த கதையைச் சொன்னாள். சொல்லி முடித்த கையோடு பையை எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். யோகம் பிறகு வரட்டும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என்னை இருட்டறையில் உட்கார வைத்து, தூரத்தில் ஒரு சின்ன விளக்கைக் காட்டி எத்தனை தெரிகிறது என்று கேட்டது. எனக்கு இரண்டு தெரிந்தது. ஆனால் எனக்குப் பின்னால் வெளியே ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. இரண்டு என்று சொன்னால் மேலும் கேள்வி வரும். ஒன்று என்றேன். அந்தப் பெண் பட்டை பட்டையாகக் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய ஒரு சட்டத்தை என் வலது கண்ணுக்கு முன்னால் வைத்து நகர்த்தி நகர்த்திக் கேட்டது. விளக்குகள் விலகின, நெருங்கின, ஒன்றையொன்று தாண்டிப் போயின. எல்லாவற்றுக்கும் ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அது சட்டத்தைக் கீழே வைத்துவிட்டது.

"அண்ணே, கண்ணு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பாக்குது. நீங்க லைட்டு ஒண்ணுங்கிறீங்க. எனக்காகச் சொல்றீங்களா?"

ஆமாம் என்றேன். திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பித்தோம்.

டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றார். சர்க்கரையினால், கண்ணை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற நரம்பு சோர்ந்துவிட்டது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே தேறிவிடும். அதுவரை ஒரு கண்ணுக்கு மூடி போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் மூக்குக் கண்ணாடியின்மேல் ஒட்டுகிற பிரிசம் தாள் ஒன்று இருக்கிறது, அது இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் என்றார். எது வேண்டும் என்று கேட்டார். தாள் என்றால் திரும்ப அளவெடுப்பார்கள். மூடி போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் சமையல் காண்டிராக்டரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய உருவம், சின்னக் குரல். கண் மூடியோடு என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

"கல்யாண வீட்டுல ஒத்தக் கண்ண மூடிட்டு நீ முன்னாடி வந்தீன்னா, பொண்ணு வீட்டுக்காரன் சகுனம் சரியில்லன்னு என் கடைய மூடிருவான். கழட்டுப்பா."

கழற்றினேன். மூடி இருந்தாலாவது தூரம் போகப் போகப் பழகியிருக்கும், அது இல்லாமல் ரசம் ஊற்றவே முடியாது. பாத்திரம் கழுவும் இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். மிச்சம் இருந்தது வாசல். இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் வரவேற்பையும் சமையல் காண்டிராக்டிலேயே சேர்த்துக் கேட்கிறார்கள். சந்தனம், கற்கண்டு, பன்னீர், கும்பிடு எல்லாம் எங்கள் ஆள். அங்கே நில், கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்றார் அண்ணன்.

இருபத்திரண்டு வருடம் இலைக்குள் ஒளிந்திருந்தவனை ஜரிகைத் தலைப்பாகை கட்டி வாசலில் நிறுத்திவிட்டார்கள். முகம் முகமாக வந்தது. அதுவும் இரட்டை இரட்டையாக. நாலு பேர் உள்ள குடும்பம் ஆட்டோவிலிருந்து இறங்கினால் எட்டுப் பேர் படியேறி வந்தார்கள். தூரத்தில் வரும்போது இருவரும் தள்ளித் தள்ளி வருவார்கள், கிட்டே வர வர நெருங்குவார்கள், ஆனால் சேரமாட்டார்கள். இடது பக்கத்து ஆள்தான் மெய் என்ற கணக்கு பதற்றத்தில் மறந்துபோகும். கல்யாணத்துக்கு வந்த ஒருவரைக் கும்பிடாமல் விட்டால் அது எத்தனை வருடத்துக்குப் பேசப்படும் என்று பந்தியில் நின்றவனுக்குத் தெரியும். அதனால் யாரையும் விடவில்லை. இடது ஆளுக்கு ஒரு கும்பிடு, வலது ஆளுக்கு ஒரு கும்பிடு. சந்தனத் தட்டையும் அப்படியே இரண்டு பக்கமும் நீட்டினேன்.

சாயங்காலம் பெண்ணின் அப்பா அண்ணனைத் தேடி அடுப்படிக்கே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஆளைப் பற்றிச் சொன்னார்.

"எம்புட்டு மருவாதி தெரிஞ்ச ஆளு. ஒருத்தர் விடாம ரெண்டு ரெண்டு கும்பிடு. எங்க சம்பந்தி வீட்டுல அசந்துட்டாக."

அதற்குப் பிறகு வந்த மூன்று கல்யாணத்திலும் வாசலில் அந்த ஆள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அண்ணனுக்கு மனசு நிறைந்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று முன்பு தினமும் கேட்டவர், கேட்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் பந்தி முடிந்து ஒரு கிண்ணம் பாயசத்தைத் தானே கொண்டுவந்து நீட்டினார். "கண்ணுக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா" என்றார்.

நான் பாயசத்தைத் தொடவில்லை. எனக்கு இலை வேண்டும். கும்பிட்டுக் கும்பிட்டு, ராத்திரி படுத்தாலும் முகங்கள் இரண்டு இரண்டாக வந்து நின்றன. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், அதே பெண்ணிடம், அந்தத் தாளைக் கொடுத்துவிடச் சொன்னேன். இந்தத் தடவை இரண்டு என்றால் இரண்டு, ஒன்று என்றால் ஒன்று என்று உண்மையைச் சொன்னேன்.

அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். கண்ணாடி மாதிரித் தெளிவு, ஆனால் நெடுகக் கோடு கோடாக மேடும் பள்ளமும். பவர் இல்லாத ஒரு மூக்குக் கண்ணாடியின் வலது சில்லு அளவுக்கு வெட்டி, தண்ணீரில் நனைத்து ஒட்டினார்கள். கொஞ்சம் மங்கல்தான். விளிம்புகளில் வானவில் மாதிரி நிறம் அடித்தது. ஆனால் சுவரில் இருந்த ஒரு விளக்கு, ஒரு விளக்காகவே இருந்தது. தண்ணீரும் சூடும் பட்டால் நழுவிவிடும், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டது. ரசம் ஊற்றுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மண்டபத்தில் வேலை என்றேன். மேனேஜரா என்றது. நான் மறுக்கவில்லை. அப்படியானால் பயமில்லை என்று அனுப்பிவிட்டது.

அண்ணன் என் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிரியமில்லாமல் திருப்பிக் கொடுத்தார். கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அங்கே ஒரே ஒரு பந்தி ஊற்றிப் பார் என்றார்.

"ஒரு சொட்டு இலைக்கு வெளிய விழுந்துச்சு, அப்புறம் நான் அடுப்பு பத்தவைக்கிற வரைக்கும் நீ வாசல்தான். ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன்.

கல்லுப்பட்டி மண்டபத்தில் முதல் பந்தி. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தபோது, ஒரு ஆளுக்கு ஒரு இலை இருந்தது. குழி, விரல், கரண்டி, அந்தச் சத்தம். அடுத்த குழி. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த வரிசையில் பாதி வரை ஒரு சொட்டுகூட வெளியே விழவில்லை.

விழுந்தது உள்ளேதான்.

கொதிக்கக் கொதிக்க இறக்கிய ரசம். ஒவ்வொரு இலைக்கும் குனியக் குனிய ஆவி முகத்தில் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், அவருக்குப் பக்கத்தில் இன்னொரு தாய்மாமன் இருந்தார். தாள் கண்ணாடியில் இல்லை. அவர் இலையில், சோற்றுக்குப் பக்கத்தில், ரசம் பட்டு லேசாக மஞ்சள் ஏறி, கோடு கோடாகப் படுத்திருந்தது. பார்ப்பதற்கு அச்சு அசல் ஜவ்வரிசி வத்தல். அவரும் அப்படித்தான் நினைத்தார். எடுத்துக் கடித்தார். அவர் மென்று பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பிறகு பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வத்தல் நமுத்துப்போச்சுப்பா."

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் இலையை எட்டிப் பார்த்தார், தன் இலையைப் பார்த்தார். தனக்கு வத்தலே வைக்கவில்லை என்றார். அவருக்கு அடுத்தவர் தனக்கும் இல்லை என்றார். அன்றைக்கு அப்பளம் மட்டும்தான். வத்தல் பட்டியலிலேயே கிடையாது. ஆனால் தாய்மாமன் கையில் ஒன்று இருந்ததே. அவருக்கு மட்டும் வைத்துவிட்டு எங்களுக்கு ஏன் இல்லை என்று சித்தப்பா முறைக்காரர் ஒருவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கையை எடுத்தால் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். வரிசை முழுக்கக் கை நின்றுவிட்டது.

பெண்ணின் அப்பா ஓடி வந்தார். அவர் பின்னால் அண்ணன் வந்தார். அண்ணன் எண்ணெய்ச் சட்டிக்காரரைக் கூப்பிட்டு, நமுத்த வத்தலை எவன் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார். அவர் தான் இன்றைக்கு ஒரு வத்தல்கூடப் பொரிக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். அப்புறம் மாமா கையில் இருப்பது என்ன என்று கேட்டதற்கு அவர் அப்பளக் கூடையைத் தூக்கிக் காட்டினார். சமாதானமாக, கடையில் பாக்கெட் வாங்கி வரச் சொல்லி, சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார்கள். பெண்ணின் அப்பா வரிசையாக ஒவ்வொருவரிடமும் போய், இதோ வத்தல் வந்துவிடும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பெண்ணின் அப்பாக்கள் கும்பிடுவதாகத் தெரிந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் வாளியைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். சொல்லாமல் இருந்துவிடலாம். இலையை மடித்து எடுத்துப் போடும்போது தாளும் போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அது போனால் என் இலைகளும் போச்சு. அதற்குள் பாயசம் வந்துவிட்டது. தாய்மாமன் வத்தலைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்து, இரண்டு கையாலும் நொறுக்கிக்கொண்டிருந்தார். நொறுங்கவில்லை, வளைந்தது. அவர் பல்லால் மறுபடியும் முயற்சி பண்ண அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அண்ணே" என்றேன். பந்தியில் சாப்பிடுகிற ஒருவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "அத வச்சுருங்கண்ணே. அது வத்தல் இல்ல."

"பெறகு என்னது?"

பிரிசம் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. எனக்கும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"என் கண்ணு" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். வலது கருவிழி மூக்கோரம் ஒதுங்கி நின்றிருக்கும். அவர் வாயிலிருந்த கையை மெதுவாக இறக்கி, தாளை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, தண்ணீரை எடுத்து வாயைக் கொப்பளிக்க எழுந்து ஓடினார்.

அந்த நேரம் பார்த்துச் சுடச்சுட வத்தல் வந்துவிட்டது. தட்டு நிறைய, பூ மாதிரிப் பொரிந்து வந்தது. ஒவ்வொரு இலையாக நீட்டினார்கள். கொஞ்சம் முன்னால் வத்தலுக்காகக் கையை எடுத்த சித்தப்பா இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். வேண்டாம்ப்பா, எனக்கு வேண்டவே வேண்டாம் என்றார். அந்த வரிசையில் கடைசி ஆள் வரை ஒருவரும் வாங்கவில்லை.

தாளை எடுத்துக் கழுவினேன். நடுவில் பல் பதிந்திருந்தது.

அண்ணன் சத்தம் போடவில்லை. கண்ணாடியிலிருந்து விழுந்த தாள் அது என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அவரே விளக்கிச் சொன்னார். பந்தி எல்லாம் முடிந்து, வண்டியில் பாத்திரம் ஏற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு சொட்டு வெளிய விழல. அத நான் ஒத்துக்கிறேன். ஆனா கண்ணையே போட்டுட்டியேப்பா."

மறுபடி வாசல். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பல் பதிந்த தாளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது எப்படி ஆச்சு என்று கேட்டது. இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, புதுத் தாள் ஒட்டிக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் ஆள் ஒன்றாகத் தெரிந்தது, கும்பிடும் ஒன்றாகிப்போனது. அண்ணன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நில் என்றார்.

கார்த்திகை வரைக்கும் அப்படிப் போனது. பேருந்திலும் வீட்டிலும் கண்ணாடி, வாசலில் வெறுங்கண். சர்க்கரையை மட்டும் நான் விடவில்லை. ஜாங்கிரி மணக்கும் அடுப்படியில் கம்பங்கூழ் குடித்தேன். ஆஸ்பத்திரியில் மாதா மாதம் அளந்து பார்த்து, குறைகிறது குறைகிறது என்றார்கள். குறைவதை நான் வாசலிலேயே பார்த்தேன். முன்பு ஒரு முழம் தள்ளி வந்த இரண்டாவது ஆள், தோளோடு தோள் உரசிக்கொண்டு வர ஆரம்பித்தார். பிறகு முதல் ஆளின் முதுகுப் பக்கம் நிழல் மாதிரி எட்டிப் பார்த்தார். தை மாதம் ஆனையூரில் ஒரு கல்யாணம். வெறுங்கண்ணோடுதான் நின்றேன். ஒரு ஆட்டோவிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். நாலு பேரே நடந்து வந்தார்கள். கொஞ்ச நேரத்துக்குக் கல்யாணத்துக்குப் பாதிப் பேர் வரவில்லையோ என்றே தோன்றியது.

ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மத்தியானத்துக்குள் புகார் வந்துவிட்டது. இதே மண்டபத்தில் போன கல்யாணத்துக்கு வந்தபோது ரெண்டு கும்பிடு போட்ட ஆள், எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்று போடுகிறான், நாங்கள் என்ன குறைந்துவிட்டோம் என்று பெண்ணின் பெரியப்பா கேட்டாராம். அண்ணன் வந்து என் முகவாயைத் தூக்கிப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். இரண்டும் நேராக அவரையே பார்த்தன.

"சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுண்ணே."

அவர் முகம் விழுந்துவிட்டது. சரி, கண் எப்படி இருந்தால் என்ன, நீ வழக்கம்போல ரெண்டு போடு என்றார். முயற்சி பண்ணினேன். அடுத்து வந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவருக்கு வலது பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து இன்னொன்று போட்டேன். முன்பு அங்கே ஒரு ஆள் இருந்தார். இப்போது குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. அவர் நின்று, தொட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"கேலி பண்றியாய்யா?"

எனக்குக் காது சூடானது. பதில் சொல்லாததே கேலியாகிப்போனது. அவரைச் சமாதானப்படுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. அண்ணன் என் தலைப்பாகையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். ரச வாளி அங்கேதான் இருந்தது.

இப்போது பழையபடி இலைதான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் வரிசையின் நடுவில் ஒரு இலைக்கு வந்தபோது, குழி பறித்திருந்த கை சட்டென்று விரிந்து சோற்றை மூடிக்கொண்டது. இன்னொரு கையும் வந்து அதன்மேல் மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கல்லுப்பட்டித் தாய்மாமன். அவர் என் மூக்குக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை உரித்த பிறகும் முகத்துக்கு ஒரு மறைப்பாக அதை நான் விடவில்லை.

"அதக் கழட்டிட்டு ஊத்துங்க" என்றார்.

வாளியைக் கீழே வைத்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின்மேல் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன். அவர் கையை எடுத்தார். ஒரு குழிதான் இருந்தது. அதில் ஊற்றினேன்.